வாகனம் மாறிவிட்டது, வாங்குகிறவர் மாறினாரா?

சென்ற வருடம் நவம்பர் மாதத்து மழை இரவொன்றில் என் தங்கையின் மகன் கண்டியிலிருந்து தன் கடைக்குச் சாமான் எடுத்துக்கொண்டு மாத்தளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். பலகடுவ ஏற்றத்தைக் கடந்து இறக்கத்தில் வரும்போது, வளைவொன்றில் விளக்கில்லாமல் நிறுத்தப்பட்டிருந்த மர லொறியின் பின்பக்கத்தில் அவனுடைய கார் மோதியது. ஆசனப் பட்டி அணிந்திருந்ததால் உயிர் தப்பினான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முகம் ஸ்டியரிங்கில் அடிபட்டு மூக்கெலும்பும் இரண்டு பற்களும் உடைந்தன. காறை எலும்பிலும் வெடிப்பு. இரண்டு மாதம் கடை பூட்டிக் கிடந்தது.

அது ஜப்பானில் செய்த கார். அவன் வாங்கும்போது பார்த்த விளம்பரத்தில் "டுவல் எயார்பேக்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அப்படியென்றால் அந்த எயார்பேக் ஏன் விரியவில்லை? கராஜில் பாஸ் ஸ்டியரிங்கின் நடு மூடியைக் கழற்றினார். உள்ளே எயார்பேக் இல்லை. ஒரு துண்டு ஸ்பொஞ்ச் இருந்தது. மூடியை யாரோ ஒட்டி, மேலே வர்ணம் பூசியிருந்தார்கள். டாஷ்போர்டில் எரிய வேண்டிய எயார்பேக் எச்சரிக்கை விளக்கின் வயரை எடுத்து, எஞ்சின் ஒயில் விளக்கோடு சேர்த்து விட்டிருந்தார்கள். சாவியைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து எரியும். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் சேர்ந்து அணையும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்.

அதாவது அந்தக் கார் முன்பே ஒரு தடவை மோதியிருக்கிறது. அன்று எயார்பேக் விரிந்து யாரையோ காப்பாற்றியும் இருக்கலாம். அதன் பிறகு புதிய எயார்பேக் போடச் செலவாகுமே என்று ஸ்பொஞ்சை வைத்து மூடி, என் மருமகனிடம் முழு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். விற்றவரிடம் போய்க் கேட்டோம். "நான் வாங்கினது மாதிரியே வித்தேன் நானா, எனக்கு என்ன தெரியும்?" என்றார்.

இந்தப் பத்தியை எழுதத் தூண்டியது அந்த ஸ்பொஞ்ச் துண்டுதான். வாகனம் செய்கிறவர்கள் கடந்த அறுபது, எழுபது வருடங்களில் எவ்வளவோ முன்னேறிவிட்டார்கள். அந்த முன்னேற்றத்தைக் கேட்டு வாங்கவும் பார்த்துப் பேணவும் வியாபாரிகளாகிய நாம் இன்னும் பழகவில்லை. ஆதலால் அது கப்பலில் இவ்வளவு தூரம் வந்தும் பாதி வழியில் தொலைந்து போகிறது.

வாப்பாவின் மொரிஸ் மைனர்

என் சிறு வயதில் வாப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாவற்றையும் பின் ஆசனத்தில் அடுக்கிக்கொண்டு கொழும்பு பழைய சோனகத் தெருவுக்குப் போவார். கடுகண்ணாவையில் இரண்டு தடவையாவது நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆசனப் பட்டி கிடையாது. தலை சாய்க்கும் பகுதி கிடையாது. ஸ்டியரிங் தண்டு நேராக நெஞ்சை நோக்கி நிற்கும் இரும்புக் கம்பி. லீற்றருக்குப் பத்து, பதினொரு கிலோமீற்றர் ஓடினால் பெரிய காரியம்.

இன்று நமது பெரியவர்கள் சிலர் அந்தக் காலத்துக் கார்களைப் புகழ்ந்து பேசுவதுண்டு. "அது இரும்பு. இப்போது வருகிறதெல்லாம் தகரம். கையால் அமுக்கினாலே நெளிகிறது" என்பார்கள். நானும் நீண்ட காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இது பெரிய தவறு என்பதைப் பின்னர்தான் அறிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனிகள் சேர்ந்து நடத்தும் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று 2009ஆம் ஆண்டு தனது 50ஆவது வருட நிறைவுக்காக ஒரு பரிசோதனை செய்தது. 1959ஆம் ஆண்டு செவ்ரோலெட் பெல் எயார் காரையும் 2009ஆம் ஆண்டு செவ்ரோலெட் மலிபு காரையும் நேருக்கு நேர் மோத விட்டார்கள். ஒரே கம்பனியின் கார்கள். ஐம்பது வருட இடைவெளி. உள்ளே ஆள் அளவுப் பொம்மைகளை வைத்திருந்தார்கள். பழைய காரின் முன்பகுதி அப்படியே உள்ளே புகுந்து சாரதியின் இடத்தை நசுக்கியது. அந்தப் பொம்மை மனிதனாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே மௌத்தாகியிருப்பான். புதிய காரின் சாரதிக்குக் காலில் சிறு காயம் மட்டுமே ஏற்பட்டிருக்கும்.

காரணம் எளிது. மோதலின் வேகத்தை ஏதாவது ஒன்று தாங்கியாக வேண்டும். கார் நெளியாவிட்டால் அந்த அடி நேரே மனிதனுக்கு வந்து சேரும். முன்பக்கமும் பின்பக்கமும் நெளிந்து அடியை விழுங்க வேண்டும், நடுவில் ஆள் இருக்கும் அறை மட்டும் பெட்டி போல் உறுதியாக நிற்க வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவர் மெர்சிடிஸ் பென்ஸ் கம்பனியின் பொறியியலாளர் பேலா பரெனி. 1950களின் தொடக்கத்தில் அதற்கு உரிமம் பெற்றார். 1959இல் அந்த முறையில் செய்த கார் விற்பனைக்கு வந்தது. எனவே முன்பக்கம் நெளிகிறது என்பது குறையல்ல. அதற்காகவே காசு வாங்குகிறார்கள்.

உரிமத்தை விட்டுக்கொடுத்த கம்பனி

அதே 1959ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வொல்வோ கம்பனி இன்று நாம் அணியும் மூன்று முனை ஆசனப் பட்டியைத் தன் கார்களில் பொருத்தத் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் நில்ஸ் பொலின். முன்பு விமானங்களுக்கு, ஆபத்தில் விமானியை வெளியே எறியும் ஆசனம் செய்துகொண்டிருந்தவர். அதற்கு முன்பும் பட்டிகள் இருந்தன. ஆனால் அவை இடுப்பை மட்டும் கட்டின. மோதும்போது வயிற்றின் உள்ளுறுப்புகளைக் கெடுத்தன. பொலினுடைய பட்டி தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்தது. ஒரு கையால் மாட்டக்கூடியதாகவும் இருந்தது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இனி வருவதுதான். வொல்வோ அந்தக் கண்டுபிடிப்புக்கு உரிமம் எடுத்திருந்தது. விரும்பியிருந்தால் உலகத்தில் ஓடும் ஒவ்வொரு காருக்கும் ஒரு தொகை வசூலித்திருக்கலாம். ஆனால் மற்றக் கம்பனிகளும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டது. அதனால் வொல்வோ நொடித்துப் போகவில்லை. "பாதுகாப்பு என்றால் வொல்வோ" என்ற பெயர் அறுபது வருடமாக அதற்கு நிலைத்திருக்கிறது. விளம்பரத்துக்கு எத்தனை கோடி கொட்டினாலும் அப்படி ஒரு பெயரை வாங்க முடியுமா?

அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1978இல் ஜேர்மனியின் பொஷ் கம்பனி செய்த ஏ.பி.எஸ். பிரேக் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் வந்தது. 1981இல் அதே கம்பனியின் உயர்ரகக் கார்களில் சாரதிக்கு எயார்பேக் வந்தது. 1995இல் வளைவில் கார் வழுக்கினால் தானாகவே ஒவ்வொரு சில்லுக்கும் வேறு வேறு அளவில் பிரேக் பிடித்து நேராக்கும் முறை வந்தது. முதலில் செல்வந்தர்களின் கார்களில் மட்டும் இருந்தவை. இன்று நமது ஊரில் ஓடும் சின்னக் காரிலும் இவற்றில் பல இருக்கின்றன.

ஏ.பி.எஸ். பற்றி ஒரு வார்த்தை. மழையில் பலகடுவ, கடுகண்ணாவ, றத்தோட்டைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இது மிக முக்கியம். பழைய வாகனத்தில் திடீரென்று பிரேக்கை அழுத்தினால் சில்லுகள் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சில்லு வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வாகனம் திரும்பாது. அதனால்தான் அந்தக் காலத்துச் சாரதிகள் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தார்கள். ஏ.பி.எஸ். அந்த வேலையை ஒரு செக்கனுக்குப் பல தடவை தானே செய்கிறது. அப்போது பெடல் காலுக்குக் கீழே தடதடவென்று அதிரும். நம்மவர்கள் பலர் ஏதோ கோளாறு என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. அழுத்தியபடியே வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பித் தப்ப வேண்டும். இவ்வளவு பெரிய வசதியைச் செய்து தந்தவன் மேல் தவறில்லை. பயன்படுத்தத் தெரியாதது நமது தவறு.

20 லீற்றர் கற்றுத் தந்த கணக்கு

பாதுகாப்பைப் போலவே எரிபொருள் சிக்கனத்திலும் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. காபரேட்டர் போய், எவ்வளவு பெற்றோல் தேவையோ அவ்வளவை மட்டும் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் முறை வந்தது. பிறகு 1997 டிசம்பரில் டொயோட்டா கம்பனி ஜப்பானில் பிரியஸ் காரை விற்பனைக்கு விட்டது. பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை நமது மலை வீதியில் வைத்தே விளங்கிக்கொள்ளலாம். சாதாரணக் கார் பலகடுவ இறக்கத்தில் இறங்கும்போது, ஏறுவதற்குச் செலவழித்த சக்தியெல்லாம் பிரேக்கில் சூடாகி வீணாகிறது. ஹைபிரிட் காரில் இறங்கும்போது அந்த மோட்டாரே டைனமோவாக மாறி பெற்றரியைச் சார்ஜ் செய்கிறது. அடுத்த ஏற்றத்தில் அந்தச் சக்தியைத் திருப்பித் தருகிறது. பழைய கடன் ஒன்று தானாகத் திரும்பி வந்தது போல.

2011 இறுதியில் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா அக்குவா காருக்கு லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று அங்குள்ள பரிசோதனையில் கணக்குக் காட்டினார்கள். அது பரிசோதனைக் கூடத்துக் கணக்கு. நமது மேடு பள்ளத்தில், ஏ.சி. போட்டுக்கொண்டு ஓடினால் எனக்குக் கிடைத்தது இருபதை ஒட்டித்தான். அதுவும் வாப்பாவின் மொரிஸ் மைனரைப் போல் இரு மடங்கு.

இதன் பெறுமதி 2022ஆம் ஆண்டில் எல்லோருக்கும் விளங்கியது. அந்த ஜூன் மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. அதற்கும் வரிசையில் இரண்டு மூன்று நாள் காத்துக் கிடந்தோம். பின்னர் கியூ.ஆர். முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். மாத்தளையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 140 கிலோமீற்றர். போய் வர 280. லீற்றருக்குப் பத்து ஓடும் கார் வைத்திருந்தவருக்கு அந்த 20 லீற்றரில் 200 கிலோமீற்றர்தான். கொழும்புக்குப் போனால் திரும்பி வர முடியாது. இருபது ஓடும் கார் வைத்திருந்தவருக்கு 400 கிலோமீற்றர். கொழும்புக்குப் போய் வந்து ஊருக்குள் ஓடவும் மிச்சம் இருந்தது. அந்த மாதங்களில் கடையில் சாமான் இருந்ததா இல்லையா என்பதைப் பலருக்கு இந்தக் கணக்குத்தான் தீர்மானித்தது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அனுபவக் குறிப்பு. பல ஹைபிரிட் கார்களில் பெற்றரியைக் குளிரச் செய்யும் காற்றுத் துவாரம் பின் ஆசனத்தின் பக்கத்தில் இருக்கிறது. அதை மூடிக்கொண்டு மூட்டை அடுக்காதீர்கள். அந்த வடிகட்டியில் சேரும் தூசையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது சுத்தம் செய்யுங்கள். சூட்டில்தான் பெற்றரி கெடுகிறது. கெட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

நல்ல மனதால் மட்டும் வந்ததல்ல

இதையெல்லாம் வாசித்துவிட்டு வாகனக் கம்பனிகள் எல்லாம் நமது உயிர் மேல் அன்பு வைத்துச் செய்கின்றன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லோரும் வொல்வோ போல் நடந்துகொள்ளவில்லை. பெரும்பாலான முன்னேற்றத்துக்குப் பின்னால் சட்டம் இருந்தது, போட்டி இருந்தது, கேள்வி கேட்ட வாடிக்கையாளர் இருந்தார்.

அமெரிக்கா 1970இல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தக் கடுமையான சட்டம் கொண்டு வந்தபோது, அந்த நாட்டுப் பெரிய கம்பனிகள் இது முடியாத காரியம் என்று வாதாடின. அந்த நேரத்தில் கார் உற்பத்தியில் சிறு பிள்ளையாக இருந்த ஜப்பானின் ஹொண்டா, சீ.வி.சீ.சீ. என்ற புதிய எஞ்சினைச் செய்து 1972இல் அறிவித்தது. அந்த எஞ்சின் போட்ட சிவிக் கார் சட்டத்தின் அளவுக்குள் நின்றது. எரிபொருளும் குறைவு. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அமெரிக்கர்கள் ஜப்பான் கார்களைத் தேடிப் போனார்கள். சட்டத்தைச் சுமையாகப் பார்த்தவர்கள் சந்தையை இழந்தார்கள். அதையே வாய்ப்பாகப் பார்த்தவர் உலகக் கம்பனியானார்.

இன்னொரு உதாரணம் நமது அயல் நாட்டிலிருந்து. 2014 ஜனவரியில் குளோபல் என்கெப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதிப் பார்த்தது. மாருதி அல்டோ 800, டாட்டா நானோ, ஹூண்டாய் ஐ10, போர்ட் பிகோ, வொக்ஸ்வாகன் போலோ. எயார்பேக் இல்லாத குறைந்த விலை ரகங்கள். ஐந்துக்கும் பூச்சியம். இதில் போலோவின் கதையைப் பாருங்கள். எயார்பேக் இல்லாத போலோவுக்குப் பூச்சியம். இரண்டு எயார்பேக் போட்ட போலோவுக்கு நான்கு நட்சத்திரம். அதே கம்பனி, அதே கார். செய்யத் தெரியாமல் விட்டதல்ல. கேட்பார் இல்லாததால் விட்டது. முடிவு வெளியானதும் எயார்பேக் இல்லாத போலோவை விற்பதை நிறுத்தினார்கள். 2018 டிசம்பரில் டாட்டா கம்பனியின் நெக்ஸன் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2019 ஜூலையில் இந்தியா சாரதிக்கு எயார்பேக்கைக் கட்டாயமாக்கியது. ஐந்து வருடத்தில் பூச்சியத்திலிருந்து ஐந்துக்கு வர முடிந்தது.

நமது நாட்டிலும் இப்படித்தான். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2011 ஒக்டோபர் முதல் முன் ஆசனத்தில் இருப்பவர்களுக்கு ஆசனப் பட்டி கட்டாயமானது. 2018இல் இறக்குமதியாகும் கார்களுக்கு எயார்பேக், ஏ.பி.எஸ். வேண்டும் என்ற விதி வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது "தொழில் படுத்துவிடும்" என்று சொன்னவர்களில் நமது வியாபாரிகளும் உண்டு. தொழில் படுக்கவில்லை.

உற்பத்தியாளர்கள் தவறும் செய்வார்கள். ஜப்பானின் டகாட்டா கம்பனி செய்த எயார்பேக்குகளில் பயன்படுத்திய வெடிமருந்து, வெப்பமும் ஈரப்பதனும் உள்ள இடங்களில் வருடக்கணக்கில் இருந்தால் கெட்டுப்போய், விரியும்போது இரும்புக் கூட்டைச் சிதறடித்துத் துண்டுகளாக ஆளின் மேல் எறிந்தது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வாகனங்களைத் திருப்பி அழைக்க வேண்டி வந்தது. 2017இல் அந்தக் கம்பனி வங்குரோத்தானது. வெப்பமும் ஈரமும் உள்ள நாடு என்றால் நமது நாடுதான். 2000 முதல் 2015 வரையான ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள் சசி இலக்கத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பனியின் உள்ளூர் முகவரிடம் போய் ஒரு தடவை விசாரித்துக்கொள்வது நல்லது.

எதைப் பார்த்து வாங்குகிறோம்?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடம் பொறுத்திருந்த நம்மவர்கள் பலர் வாகனம் மாற்றுகிறார்கள். பழைய வாகனங்களும் கைமாறுகின்றன. நமது கடைத்தெருவில் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். கலர் வெள்ளையா? மைலேஜ் எவ்வளவு? கெமரா இருக்கிறதா? திருப்பி விற்றால் விலை போகுமா? லீசிங் எவ்வளவு தருவார்கள்? இவ்வளவும் கேட்பார்கள். எயார்பேக் வேலை செய்கிறதா என்று ஒருவரும் கேட்டதை நான் கேட்கவில்லை. என் மருமகனும் கேட்கவில்லை. கூடப் போயிருந்த நானும் கேட்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வாகனம் வாங்கப் போகும் சகோதரர்கள் பின்வருவனவற்றைக் கட்டாயம் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

சாவியைத் திருப்பியதும், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முன், எயார்பேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிய வேண்டும். சில செக்கன்களில் எயார்பேக் விளக்கு தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம். ஒயில் விளக்கோடு சேர்ந்தே அணைந்தாலும் சந்தேகம். சந்தேகம் இருந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜில் காட்டிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

ஆசனப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். கிழிசல், நெளிவு இருக்கக் கூடாது. சட்டென்று இழுத்தால் அது பிடித்து நிற்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய வாகனம் என்றால் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் தர இலக்கத்துக்குப் பதிலாக ஆர் அல்லது ஆர்.ஏ. என்ற எழுத்து இருந்தால் விபத்தில் பட்டுத் திருத்தியது என்று பொருள். "ஏலத் தாள் தொலைந்து போய்விட்டது" என்று சொன்னால் நீங்களும் வேறு வாகனம் பார்க்கப் போய்விடுங்கள்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பழைய டயர் மழையில் பிடிக்காது. ஏ.பி.எஸ். இருந்தும் டயர் பிடிக்காவிட்டால் பயனில்லை.

விற்கிற சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈரமான தானியத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே காட்டிய வியாபாரிக்கு நபியவர்கள் என்ன சொன்னார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மிளகு மூட்டையில் பப்பாசி விதை கலந்தால் வாங்கியவருக்குப் பண நட்டம். எயார்பேக் இருக்கும் இடத்தில் ஸ்பொஞ்ச் வைத்தால் போவது ஓர் உயிர். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

லொறியின் முன் ஆசனம்

கடைசியாக நான் என்னையே கேட்டுக்கொண்ட ஒரு கேள்வியைச் சொல்லி முடிக்கிறேன்.

மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு நாள் என் கடைக்கு முன்னால் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த என் சொந்த லொறியைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடப் பழைய லொறி. முன் ஆசனத்தில் மூன்று பேர் போவார்கள். சாரதியின் பட்டி அறுந்து எத்தனையோ காலம். நடுவில் இருப்பவருக்குப் பட்டியே இல்லை. தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் கிழமையில் மூன்று தடவை அது போய் வருகிறது. அதில் போகிறவர்களில் ஒருவன் பத்தொன்பது வயதுப் பையன். உம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் அவனுடைய சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள். என் காருக்கு ஆறு எயார்பேக். அவன் போகும் வாகனத்துக்கு ஒரு பட்டி கூட இல்லை. பத்து வருடமாக அந்த லொறியின் டீசல் கணக்கை ஒவ்வொரு லீற்றராக எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கை எழுதியதே இல்லை.

விதி என்று சொல்லித் தப்பிவிடலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்று சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அப்படிச் சொல்வது சரியா?

அடுத்த கிழமையே மூன்று பேருக்கும் பட்டி போட்டேன். நடு ஆசனத்துக்கு இடுப்புப் பட்டிதான் போட முடிந்தது. பிரேக் முழுவதையும் புதுப்பித்தேன். வந்த செலவு அந்த லொறியின் ஒரு சோடி டயர் விலையை விடக் குறைவு. பழைய லொறி என்பதால் எயார்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் அதில் வரப்போவதில்லை. இன்ஷா அல்லாஹ் அடுத்த வருடம் அதை மாற்ற வேண்டும் என்று நிய்யத் வைத்திருக்கிறேன். மாற்றும்போது முதல் கேள்வி எத்தனை தொன் ஏற்றும் என்பதாக இருக்காது.

நமது நாட்டில் வருடந்தோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். பட்டியைச் செய்து உரிமத்தையும் விட்டுக்கொடுத்தவன் சுவீடனில் இருந்தான். இங்கே நாம் செய்ய வேண்டியது அதை மாட்டுவது. நம்மிடம் வேலை செய்கிறவர்களுக்கும் மாட்டக் கிடைக்கிறதா என்று பார்ப்பது. இன்று கடையைப் பூட்ட முன்பு உங்கள் லொறியின், வேனின் முன் ஆசனத்தில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பாருங்கள். மிச்சத்தை நீங்களே முடிவு செய்வீர்கள்.